நிழல் போன தடம்: தும்பாவிலிருந்து தனுஷ்கோடி வரை

சூரிய கிரகணத்தின்போது நிலவின் நிழல் அயனி மண்டலத்தைக் கடந்துதான் தரைக்கு வந்து சேர்கிறது. தரைக்கு மேல் 60 கி.மீ. உயரத்தில் தொடங்கி நூற்றுக்கணக்கான கி.மீ. வரை விரிந்திருக்கிறது இந்த மண்டலம். சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் அங்குள்ள காற்றின் அணுக்களிலிருந்தும் மூலக்கூறுகளிலிருந்தும் எலக்ட்ரான்களைப் பிரித்துக்கொண்டே இருக்கின்றன. பிரிந்தவை மறுபடி சேர்ந்துகொண்டும் இருக்கின்றன. பகலில் பிரிவது மேலோங்கும், இரவில் சேர்வது மேலோங்கும். இந்த வரவு செலவில் கிரகணம் பட்டப்பகலில் குறுக்கிடுகிறது. நில நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் விஷயம் இதோடு முடிவதில்லை. அங்கே புவிக் காந்தப்புலம் தரைக்கு இணையாகப் படுத்துக் கிடப்பதால், நிழல் விழுந்த இடத்தில் நேரும் மாற்றம் நிழலுக்கு வெகுதூரத்தில் உள்ள ஊர்களின் வானத்துக்கும் போய்ச் சேர்கிறது. இதை ஊர் ஊராகப் பின்தொடர்ந்து பார்க்க இந்தியாவின் தென்கோடியில் ஒரு தடம் இருக்கிறது. தும்பாவில் தொடங்கி நாகர்கோவில், திருநெல்வேலி, தூத்துக்குடி வழியாக தனுஷ்கோடியில் கடலைத் தொடும் சாலை அது. 2010 ஜனவரி 15 அன்று வந்த கங்கண கிரகணத்தின் நிழல் ஏறக்குறைய இந்தத் தடத்தின் மேல்தான் போனது.

அந்தக் கிரகணம் இந்த ஆயிரமாண்டிலேயே மிக நீண்ட கங்கண கிரகணம். ஜனவரி மாதத் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கும். சூரியன் சற்றுப் பெரிதாகத் தெரியும். அதே நாட்களில் நிலவு பூமியிலிருந்து மிகத் தொலைவான நிலையை நெருங்கிக்கொண்டிருந்தது. அது சிறுத்துத் தெரிந்தது. பெரிய வட்டத்தின் மேல் சிறிய வட்டம் மெல்ல ஊர்ந்து போனதால், அதைச் சுற்றித் தெரிந்த ஒளி வளையம் நெடுநேரம் நின்றது. இந்தியப் பெருங்கடலின் நடுவே 11 நிமிடம் 8 நொடி. நிழல் மத்திய ஆப்பிரிக்காவில் இறங்கி, உகாண்டா, கென்யா வழியாகக் கடலைக் கடந்து, மாலத்தீவைத் தொட்டு, கேரளத்தின் தென்பகுதியிலும் தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலும் இலங்கையின் வடபகுதியிலும் விழுந்து, வங்காள விரிகுடாவைத் தாண்டி, மியான்மர் வழியாகச் சீனத்துக்குப் போனது. திருவனந்தபுரத்தில் வளையம் 7 நிமிடத்துக்கு மேலும் தனுஷ்கோடியில் 10 நிமிடத்துக்கு மேலும் நீடித்தது. சூரியத் தட்டின் பரப்பில் சுமார் 84 விழுக்காடு மறைந்தது. நேரம் பிற்பகல் ஒரு மணியைத் தாண்டிய வேளை. அயனி மண்டலத்தை ஆராய்பவர்களுக்கு இதைவிட நல்ல நேரம் அமைவது கடினம். வழக்கமான நாளில் எலக்ட்ரான்கள் மிகுந்து, மின்னோட்டங்கள் வலுத்திருக்கும் வேளை அது. அதுவும் காந்த நடுக்கோட்டை ஒட்டியே நிழல் நகர்ந்தது.

திருவனந்தபுரத்துக்கு வடக்கே, அரபிக்கடலோரத்தில் இருக்கிறது தும்பா. மணலும் தென்னையும் மீன்பிடி வள்ளங்களுமாக இருந்த இந்தக் கடற்கரைக்கு, ராக்கெட் ஏவுதளத்துக்கு இடம் தேடி விண்வெளி அறிவியலாளர் விக்ரம் சாராபாய் வந்து சேர்ந்ததற்குக் காரணம் காந்த நடுக்கோடுதான். காந்த ஊசியைச் செங்குத்தாக ஆடவிட்டால், சென்னையில் அதன் ஒரு முனை கீழே சாயும். டெல்லியில் இன்னும் அதிகமாகச் சாயும். தும்பாவை ஒட்டிய பகுதியில் அது ஏறக்குறையக் கிடையாக நிற்கும். ஊசி சாயாத இடங்களை இணைக்கும் கோடே காந்த நடுக்கோடு. இது நில நடுக்கோட்டோடு ஒன்றிப் போவதில்லை. இந்தியத் தீர்க்கரேகைகளில் அதற்குப் பல பாகை வடக்கே வளைந்து ஓடுகிறது, ஆண்டுக்கு ஆண்டு சிறிது இடம் மாறவும் செய்கிறது.

1963 நவம்பர் 21 அன்று அந்திப் பொழுதில் அமெரிக்கத் தயாரிப்பான நைக்-அப்பாச்சே ராக்கெட் இங்கிருந்து கிளம்பி, உயரத்தில் சோடியம் ஆவியைப் பரப்பியது. செம்மஞ்சள் நிறத்தில் விரிந்த அந்த மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைக் கொண்டு மேலடுக்குக் காற்றின் போக்கை அளந்தார்கள். அன்று அலுவலகமாகப் பயன்பட்ட புனித மரிய மக்தலேனா தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக நிற்கிறது. ஏவுதளத்துக்காகத் தங்கள் ஆலயத்தையும் குடியிருப்புகளையும் விட்டுக்கொடுத்த மீனவக் குடும்பங்களின் பங்கு, இந்திய விண்வெளி வரலாற்றில் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டியது. 1968 பிப்ரவரி 2 அன்று பிரதமர் இந்திரா காந்தி இந்த ஏவுதளத்தை ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணித்தார். பல நாட்டு ஆய்வாளர்கள் தங்கள் கருவிகளோடு இந்த மணலுக்கு வந்தார்கள்.

2010 கிரகணத்துக்கும் தும்பா ஆயத்தமாக இருந்தது. ரோகிணி வகையைச் சேர்ந்த 200 மி.மீ., 300 மி.மீ. விட்டமுள்ள ராக்கெட்டுகள் இங்கிருந்தும், 560 மி.மீ. விட்டமுள்ள பெரிய ராக்கெட்டுகள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தும் ஏவப்பட்டன. கிரகண நேரத்தில் மட்டும் அளந்தால் போதாது. ஒப்பிட்டுப் பார்க்க, கிரகணமில்லாத நாளிலும் அதே போன்ற அளவீடுகள் வேண்டும். அதற்கும் ராக்கெட்டுகள் போயின. அயனி மண்டலத்தின் அடிப்பகுதியில் 80 முதல் 150 கி.மீ. வரையுள்ள உயரத்தில் வேறு வகையில் கருவியை நிறுத்த வழியில்லை. பலூன் அத்தனை உயரம் எட்டாது. செயற்கைக்கோள் அத்தனை தாழ்வில் சுற்றினால் காற்றின் உராய்வில் விழுந்துவிடும். மேலே போய்த் திரும்பும் சில நிமிடங்களில் எலக்ட்ரான் அடர்த்தியையும் காற்றின் வேகத்தையும் அளந்து அனுப்பிவிட்டுக் கடலில் விழுகிற சிறு ராக்கெட்டு ஒன்றே வழி.

ராக்கெட்டின் பாதையிலேயே அயனி மண்டலத்தின் அடுக்குகளையும் பார்த்துவிடலாம். 60 முதல் 90 கி.மீ. வரை டி அடுக்கு. அதற்கு மேல் சுமார் 150 கி.மீ. வரை இ அடுக்கு. அதற்கும் மேலே எஃப் அடுக்கு, பகலில் எஃப்1, எஃப்2 என இரண்டாகப் பிரிந்திருப்பது. கிரகணத்துக்கு இவை ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. இ அடுக்கில் இருப்பவை பெரும்பாலும் மூலக்கூறு அயனிகள். எலக்ட்ரானைச் சந்தித்த உடனே அவை சேர்ந்துவிடும். அதனால் வெளிச்சம் குறையக் குறைய அடர்த்தியும் சில நிமிடப் பின்னடைவோடு குறைந்துகொண்டே வரும். அந்த உயரத்தில் அடர்த்தி, உற்பத்தியின் வர்க்கமூலத்தை ஒட்டிப் போகிறது. உற்பத்தி 100-லிருந்து 16-ஆக இறங்கினால் அடர்த்தி 40-க்கு இறங்கும். எஃப்2 அடுக்கில் ஆக்சிஜன் அணு அயனிகளே மிகுதி. அவை எலக்ட்ரானோடு நேரடியாக எளிதில் சேர்வதில்லை. நைட்ரஜன் அல்லது ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்றிடம் மின்னூட்டத்தைக் கைமாற்றிய பிறகுதான் அழிவு நடக்கும். காற்று மெலிந்த அந்த உயரத்தில் அதற்கு நேரம் பிடிக்கும். அதனால் மேலடுக்கின் சரிவு பிந்தியே வருகிறது.

கண்ணுக்குத் தெரியும் கிரகணமும் அயனி மண்டலத்துக்குத் தெரியும் கிரகணமும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். எக்ஸ் கதிர்களும் குறுகிய அலைநீளப் புற ஊதாக் கதிர்களில் ஒரு பகுதியும் சூரியனின் ஒளிவட்டமான கொரோனாவிலிருந்து வருகின்றன. அது சூரியத் தட்டைத் தாண்டி விரிந்திருப்பது. முழு கிரகணத்தில்கூட நிலவு அதை முழுவதும் மறைப்பதில்லை. சூரியப் புள்ளிக் கூட்டங்கள் தட்டின் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதைப் பொறுத்தும், நிலவு அவற்றை எப்போது மூடித் திறக்கிறது என்பதைப் பொறுத்தும் கணக்கு மாறும்.

திருவனந்தபுரம் நகரத்துக்கு இந்தக் கதையில் இன்னும் பழைய பங்கு உண்டு. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 1837-இல், இங்கே வானாய்வுக்கூடம் அமைந்தது. பிறகு அதன் பொறுப்பை ஏற்ற ஜான் ஆலன் ப்ரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காந்த ஊசியின் அசைவுகளை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தார். உயரத்தால் அந்த அசைவு மாறுகிறதா என்று பார்க்க 1850-களில் அகத்திய மலைச் சிகரத்திலும் ஓர் ஆய்வுக்கூடம் கட்டினார். 1,868 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்துக்கு, காடும் அட்டையும் மழையுமான வழியில் நுட்பமான கருவிகளைச் சுமந்து ஏற்றியவர்களின் உழைப்பு வியக்க வைக்கிறது. காந்த நடுக்கோட்டருகே ஊசியின் அன்றாட அசைவில் சூரியனுக்கு மட்டுமல்ல, நிலவுக்கும் பங்கு இருப்பதை ப்ரௌன் ஆராய்ந்து எழுதினார். அயனி மண்டலம் என்ற ஒன்று இருப்பதே அன்று யாருக்கும் தெரியாது. கிரகண ஆய்வில் இன்றும் தீராமல் நிற்கும் சிக்கல் அவர் தொட்ட இடத்தில்தான் இருக்கிறது.

தெற்கே நாகர்கோவிலைத் தாண்டியதும் மலைத்தொடர் தாழ்ந்து, ஆரல்வாய்மொழிக் கணவாய் திறக்கிறது. முப்பந்தலின் காற்றாலைகளுக்கு நடுவே சாலை வடக்கே திரும்பி நாங்குநேரிச் சமவெளியில் இறங்குகிறது. இந்தப் பக்கத்தில்தான் விஜயநாராயணம் இருக்கிறது. கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தளம் இங்கே 1990 முதல் இயங்குகிறது. கடலுக்கு அடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்ப, 18.2 கிலோஹெர்ட்ஸ் என்ற மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் அலைகளை ஒலிபரப்பும் நிலையம் இது. அலை ஒன்றின் நீளமே 16 கி.மீ.க்கு மேல்.

பாதுகாப்புக்காக அமைந்த இந்த நிலையம் அறிவியலுக்கும் பேருதவியாகிவிட்டது. இவ்வளவு நீண்ட அலைகள் தரைக்கும் டி அடுக்குக்கும் இடையே மாறி மாறிப் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான கி.மீ. பயணம் செய்கின்றன. டி அடுக்கு தாழ்ந்தாலும் உயர்ந்தாலும், தொலைவில் அலையை வாங்குபவரின் கருவியில் அதன் வலுவும் கட்டமும் மாறும். கொல்கத்தாவைச் சேர்ந்த இந்திய விண்வெளி இயற்பியல் மையத்தினர் 2009 ஜூலை 22 முழு கிரகணத்தின்போது இந்த விஜயநாராயண அலையை வடக்கே பல இடங்களில் வாங்கிப் பதிவு செய்தார்கள். டி அடுக்கை ஆராய்வது எப்போதும் தொல்லை பிடித்த வேலை. பகலில் மட்டும் இருந்து சூரியன் மறைந்ததும் கரைந்துவிடும் அடுக்கு அது. வழக்கமான வானொலி அளவிகள் அதைச் சரியாகக் காண்பதில்லை. கிரகண நிழல் கடக்கும்போது, அலை பட்டுத் திரும்பும் உயரம் சில கி.மீ. மேலேறி, நிழல் விலகியதும் இறங்கிவிடுகிறது. அந்திக்கும் விடியலுக்கும் உரிய மாற்றம் நண்பகலில், சுருங்கிய நேரத்தில் நடந்து முடிகிறது.

இந்தத் தடத்தில் நெடுநேரம் நின்று பார்க்க வேண்டிய ஊர், திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் உள்ள கிருஷ்ணாபுரம். வெங்கடாசலபதி கோயிலின் கற்சிற்பங்களைப் பார்க்க வருகிறவர்கள் பலர். இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடமும் இதே ஊரில் இருப்பது அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. காந்த நடுக்கோட்டுக்கு அருகே இருப்பதுதான் இந்த இடத்தின் சிறப்பு. காந்த அளவீட்டு அறைகளைக் கட்டுவதே தனிக் கலை. சுவரில் இரும்புக் கம்பி போகக் கூடாது. கதவுக் கீல், தாழ்ப்பாள், திருகாணி எல்லாம் பித்தளையிலோ வேறு காந்தமேறாத உலோகத்திலோ இருக்க வேண்டும். உள்ளே போகிறவர் சாவிக்கொத்தையும் இடுப்புவாரையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இவ்வளவு கவனம் எதற்கு என்பதற்கு விடை எண்களில் இருக்கிறது. இங்கே புவிக் காந்தப்புலத்தின் கிடைக்கூறு சுமார் 40,000 நானோ டெஸ்லா. இதன் மேல், தலைக்கு மேலே ஓடும் மின்னோட்டம் ஒன்றால் நண்பகலில் சேரும் கூடுதல் சில பத்து முதல் 100 நானோ டெஸ்லா வரை. அந்தச் சிறு கூடுதலைத்தான் நிமிடத்துக்கு நிமிடம் பிடிக்க வேண்டும்.

அந்த மின்னோட்டத்துக்கு நடுக்கோட்டு மின்தாரை என்று பெயர். பெரு நாட்டின் ஊவான்காயோ காந்த ஆய்வுக்கூடத்தில் நண்பகலில் காந்தப்புலம் அளவுக்கு மீறி எழுவதை 1920-களிலேயே கண்டிருந்தார்கள். அதற்குக் காரணமான மின்னோட்டத்துக்கு 1951-இல் சிட்னி சாப்மன் பெயர் வைத்தார். சுமார் 105 கி.மீ. உயரத்தில், காந்த நடுக்கோட்டின் இருபுறமும் மூன்று பாகை அகலத்துக்குள், பகல் முழுவதும் கிழக்கு நோக்கி ஓடுவது இது. சூரியச் சூட்டால் எழும் காற்றோட்டங்கள் இ அடுக்கின் அயனிகளைக் காந்தப்புலத்தின் குறுக்கே தள்ளும்போது, பகல் பக்கத்தில் கிழக்கு நோக்கிய மின்புலம் உண்டாகிறது. காந்தப்புலம் வடக்கு நோக்கிக் கிடையாக இருப்பதால், இந்த மின்புலம் எலக்ட்ரான்களை மேலே தள்ளுகிறது. கனமான அயனிகள் காற்றின் மூலக்கூறுகளில் மோதிக்கொண்டு பின்தங்குகின்றன. மேலே எதிர்மின்னூட்டமும் கீழே நேர்மின்னூட்டமும் சேர்ந்து, முதல் புலத்தைவிடப் பல மடங்கு வலுவான செங்குத்து மின்புலம் எழுகிறது. அதுவே எலக்ட்ரான்களை மேற்கே விரட்டுகிறது. எலக்ட்ரான் மேற்கே போவது என்றால் மின்னோட்டம் கிழக்கே பாய்வது என்று பொருள். மற்ற அட்சரேகைகளில் காந்தக்கோடுகள் சாய்ந்திருப்பதால் மின்னூட்டம் அவற்றின் வழியே வழிந்துவிடும், இந்தப் பெருக்கம் நடக்காது.

கிருஷ்ணாபுரத்தின் அளவீட்டிலிருந்து மும்பை அருகே உள்ள அலிபாக்கின் அளவீட்டைக் கழித்தால் மின்தாரையின் வலு கிடைக்கும். அலிபாக் மின்தாரைக்கு வெளியே இருப்பது. இரண்டு இடத்துக்கும் பொதுவான ஏற்ற இறக்கங்கள் கழிந்துபோகும். 2010 ஜனவரி 15 அன்று பிற்பகலில் இந்தக் கணக்கு காட்டியது ஆய்வாளர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. நிழலில் எலக்ட்ரான்கள் குறைந்து மின்கடத்துத் திறன் சரிந்தால் மின்தாரை மெலிய வேண்டும், அது எதிர்பார்த்தது. மெலிவதோடு நிற்காமல் அது திசையே மாறி மேற்கு நோக்கி ஓடியது. எதிர்மின்தாரை எனப்படும் இந்த நிலை வலுவாகவே பதிவானது. மின்கடத்துத் திறன் எவ்வளவு சரிந்தாலும் அதனால் மின்னோட்டம் பூஜ்யத்தை நெருங்குமே தவிர, திரும்பி ஓடாது. திரும்பி ஓட வேண்டுமானால் மின்புலமே திசை மாறியிருக்க வேண்டும். அதாவது, கிரகணம் வெளிச்சத்தைக் குறைத்ததோடு காற்றையும் தொட்டிருக்க வேண்டும்.

இதற்குச் சொல்லப்பட்ட விளக்கங்களில் ஒன்று நிழலின் குளிர்ச்சியிலிருந்து தொடங்குகிறது. நூற்றுக்கணக்கான கி.மீ. அகலமுள்ள நிழலுக்குள் மேலடுக்குக் காற்று குளிர்ந்து அழுத்தம் குறைகிறது. சுற்றியுள்ள காற்று அந்தத் தாழ்வை நோக்கி நகர்கிறது. அன்றாடம் மின்புலத்தை உண்டாக்கும் காற்றோட்டத்தின் ஒழுங்கு இதனால் குலைகிறது. இதோடு, கடத்துத் திறன் குறைந்த பகுதியின் இரு ஓரங்களிலும் மின்னூட்டம் தேங்கிப் புதிய புலங்களை உண்டாக்கும். இந்த இரண்டும் சேர்ந்து மேற்கு நோக்கிய மின்புலத்தைத் தர முடியும்.

ப்ரௌன் தொட்ட சிக்கல் இங்கேதான் குறுக்கே வருகிறது. கடலில் ஓதம் எழுவதுபோல மேலடுக்குக் காற்றிலும் நிலவின் ஈர்ப்பால் ஓதம் உண்டு. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் அதன் தாக்கம் மின்தாரையில் தெளிவாகத் தெரியும். சூரியச் செயல்பாடு தணிந்த ஆண்டுகளில், டிசம்பர், ஜனவரி மாதங்களின் அமாவாசைப் பிற்பகல்களில், கிரகணம் எதுவும் இல்லாமலே எதிர்மின்தாரை தோன்றுவதுண்டு. ஆர். ஜி. ரஸ்தோகி உள்ளிட்ட இந்திய ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுப் பதிவுகளிலிருந்து காட்டியிருக்கிறார்கள். சூரிய கிரகணம் அமாவாசையில் மட்டுமே வரும். ஆகவே நிலவு ஒரே நாளில் இரண்டு வேலை செய்கிறது: நிழலை வீசுகிறது, காற்றையும் இழுக்கிறது. 2010 ஜனவரி அமாவாசை, மேலே சொன்ன எல்லா நிபந்தனைகளுக்கும் பொருந்திய அமாவாசை. அன்றைய எதிர்மின்தாரையில் நிழலின் பங்கு எவ்வளவு, ஈர்ப்பின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பதே தாழ் அட்சரேகைக் கிரகண ஆய்வின் மையக் கேள்வி. வெளிச்சம் அணைந்தது, எலக்ட்ரான் குறைந்தது என்று சொல்லி முடிக்கும் விளக்கங்கள் இந்தக் கேள்வியைத் தவறவிடுகின்றன.

தூத்துக்குடியின் உப்பளங்களைக் கடந்து, கீழக்கரை வழியாகக் கடலோரமாகவே போனால் இராமநாதபுரம், பாம்பன், இராமேசுவரம். 2010-இல் அந்த நாள் தை அமாவாசையாகவும் அமைந்தது. பொங்கலுக்கு மறுநாள் அது. முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க அக்னி தீர்த்தத்துக்கு ஆண்டுதோறும் கூட்டம் வரும் நாள். நிழலின் மையக்கோடு தனுஷ்கோடியை ஒட்டிப் போனதால் வானியல் ஆர்வலர்களும் தொலைநோக்கிகளோடு அதே கரைக்கு வந்தார்கள். அன்று அரிச்சல்முனை வரை தார்ச்சாலை கிடையாது. 1964 புயலில் அழிந்த ஊரின் இடிபாடுகள் வரைகூட மணலில் வேன்கள்தான் போய்வந்தன. சாலை திறக்கப்பட்டது 2017-இல். கங்கண கிரகணத்தின்போது மரத்தடியில் நின்றால், இலை இடுக்குகளின் வழியே விழும் ஒளிப்பொட்டுகள் அத்தனையும் சிறுசிறு வளையல்களாகத் தரையில் கிடக்கும். ஒவ்வொன்றும் சூரியனின் படம். வெயில் பழுத்த பித்தளை நிறத்துக்கு வந்து, காற்றில் சூடு தணிவது உடம்புக்கே தெரியும். தரையில் இவ்வளவுதான் தெரியும்.

தரையில் மையம் தனுஷ்கோடியானாலும் மேலே மையம் அங்கே இல்லை. அந்த வேளையில் சூரியன் தலைக்கு நேர் மேலே இல்லாமல் தென்மேற்கே 30 பாகைக்குச் சற்று மேல் சாய்ந்திருந்தது. நிழலும் அதே சாய்வில்தான் இறங்கி வந்தது. எனவே 300 கி.மீ. உயரத்தில் நிழலின் மையம், தரை மையத்திலிருந்து சூரியன் இருந்த பக்கமாக 150 கி.மீ.க்கு மேல் தள்ளிக் கடலின் மேல் இருந்தது. அயனி மண்டலக் கணக்குகளில், தரைக்கு வரைந்த கிரகண வரைபடத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் இந்த இடைவெளி பிழையாகப் புகுந்துவிடும். ஒவ்வொரு உயரத்துக்கும் தனி வரைபடம் வேண்டும்.

சாலை தனுஷ்கோடியில் முடிந்தாலும் கிரகணத்தின் விளைவு அங்கே முடியவில்லை. பகலில் மின்தாரையை ஓட்டும் அதே கிழக்கு மின்புலம், எஃப் அடுக்கில் உள்ள அயனிகளையும் எலக்ட்ரான்களையும் நொடிக்குப் பத்திருபது மீட்டர் வேகத்தில் மேலே தூக்குகிறது. மேலே போனவை புவியீர்ப்பாலும் அழுத்தத்தாலும் காந்தக்கோடுகளின் வழியே வடக்கிலும் தெற்கிலும் சரிந்து இறங்குகின்றன. நீரூற்றில் நடுவே எழும் தண்ணீர் இரு பக்கமும் வளைந்து விழுவது போன்றது இது. இதனால் காந்த நடுக்கோட்டின் நேர் மேலே எலக்ட்ரான் அடர்த்தி குறைந்தும், அதற்கு 15 பாகை அளவு தள்ளி இரு பக்கமும் மிகுந்தும் இருக்கும். சூரியன் நேராகக் காயும் இடத்தில் குறைவாகவும் தள்ளியிருக்கும் இடத்தில் அதிகமாகவும் இருக்கும் இந்தப் புதிரை 1946-இல் எட்வர்ட் ஆப்பிள்டன் எடுத்துக்காட்டினார். இந்தியாவில் பள்ளம் திருவனந்தபுரம், திருநெல்வேலி வானத்தில். வட முகடு அகமதாபாத், போபால் வானத்தில்.

2010-இல் வளையம் தெரிந்தது தென்கோடியில். அகமதாபாத்தில் பகுதி கிரகணம் மட்டுமே. ஆனால் தெற்கே மின்புலம் மெலிந்து திசை மாறியபோது ஊற்றின் விசையே குறைந்தது. மேலே எழவேண்டியவை எழவில்லை. அதனால் முகட்டுக்குப் போய்ச் சேரவேண்டியவையும் போகவில்லை. இந்த இழப்பு உடனே தெரியாது. காந்தக்கோட்டின் நெடும்பாதையில் சரிந்து வர மணிக்கணக்கில் ஆவதால், கிரகணம் விட்ட பிறகே முகட்டில் குறை தெரியத் தொடங்கும். பள்ளத்தின் மேலே சில வேளைகளில் இதற்கு மாறாகவும் நடக்கலாம். வழக்கமாக வெளியே தூக்கிச் செல்லப்படும் எலக்ட்ரான்கள் அங்கேயே தங்கிவிடுவதால், உற்பத்தி குறைந்தும் அடர்த்தி அவ்வளவாகக் குறையாது. நிழலின் அடியில் விளைவு சிறிதாகவும் பல நூறு கி.மீ. வடக்கே பெரிதாகவும் அமைவது தாழ் அட்சரேகைக்கே உரியது. ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ இந்த ஊற்று இல்லை.

இதைக் கண்டுகொள்ள உதவியவை விமானப் போக்குவரத்துக்கான ககன் திட்டத்தின்கீழ் நாடெங்கும் நிறுவப்பட்ட ஜி.பி.எஸ். வாங்கிகள். செயற்கைக்கோள் அலை அயனி மண்டலத்தைக் கடக்கும்போது எலக்ட்ரான்களின் எண்ணிக்கைக்கு ஏற்பத் தாமதமாகிறது. அந்தத் தாமதத்திலிருந்து, ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேலே மொத்தம் எத்தனை எலக்ட்ரான்கள் உள்ளன என்று கணக்கிடலாம். சதுர மீட்டருக்குப் பத்தாயிரம் லட்சம் கோடி எலக்ட்ரான்கள் கூடினால், சாதாரண ஜி.பி.எஸ். அலையின் தொலைவுக் கணக்கில் 16 சென்டிமீட்டர் பிழை கூடும். தென்னிந்தியப் பகலில் இது மீட்டர்க் கணக்கில் போகும். வழிகாட்டி அமைப்புகள் இந்தப் பிழையைத் திருத்திக்கொண்டே இருக்கின்றன. கிரகணத்தன்று அடர்த்தி இடத்துக்கு இடம் வேகமாக மாறுவதால் திருத்தம் தடுமாறக்கூடும். கிரகண ஆய்வின் நேரடிப் பயன் இது.

நிழல் எந்த நேரத்தில் வருகிறது என்பதும் விளைவை மாற்றும். 2019 டிசம்பர் 26 அன்று தமிழ்நாடு இன்னொரு கங்கண கிரகணத்தைக் கண்டது. நிழல் கோயம்புத்தூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியாகப் பாக் நீரிணையைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்கும் திருகோணமலைக்கும் போனது. வளையம் சுமார் மூன்று நிமிடம். நேரம் காலை ஒன்பதரை மணியை ஒட்டி. அது இரவில் வெறுமையான அயனி மண்டலம் மெல்ல நிரம்பிக்கொண்டிருக்கும் வேளை, மின்தாரையும் அப்போதுதான் வலுப்பிடிக்கத் தொடங்கியிருக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் வரும் நிழல், காலை நேர நிரம்பலைத் தாமதப்படுத்தும். 1999 ஆகஸ்ட் 11 கிரகணமோ இந்தியாவில் சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி வந்தது. காந்த நடுக்கோட்டில் அந்திக்குப் பின் மின்புலம் சற்று நேரம் எகிறி, எஃப் அடுக்கு உயர்ந்து, அதன் அடியில் குமிழிகள் கிளம்பி, செயற்கைக்கோள் அலைகளைச் சிதறடிக்கும். அந்த நேரத்துக்குச் சற்று முன்னே நிழல் வந்தால் அன்றைய குமிழிகளின் போக்கே மாறக்கூடும். இடமும் நிழலும் ஒரே மாதிரி இருந்தாலும் காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்றுக்கும் மூன்று விதமான விடை.

நண்பகலில், காந்த நடுக்கோட்டருகே, மறுபடி ஒரு கங்கண நிழல் இதே பகுதிக்கு 2031 மே 21 அன்று வருகிறது. அது ஆப்பிரிக்காவிலிருந்து அரபிக்கடலைக் கடந்து, கேரளத்தில் ஏறி, மதுரை வழியாகப் பாக் நீரிணைக்கும் இலங்கையின் வடபகுதிக்கும் போகும். தமிழ்நாட்டில் நேரம் பிற்பகல் ஒரு மணியை ஒட்டி இருக்கும். 2010-இல் ஜனவரி, 2031-இல் மே. நிலவின் ஓதம் பருவத்துக்குப் பருவம் வேறுபடுவதால் ஈர்ப்பின் பங்கு மாறும். கிருஷ்ணாபுரத்தின் அன்றைய காந்தப் பதிவையும், அதற்கு முன்னும் பின்னும் வரும் அமாவாசை நாட்களின் பதிவுகளையும், 2010 பதிவோடு அடுக்கி வைத்து ஒப்பிட்டால், திரும்பி ஓடிய அந்த மின்னோட்டத்தில் நிழலுக்கு எவ்வளவு, நிலவின் இழுப்புக்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்க வழி கிடைக்கும்.